‘சி’ என்றால் சூடு

தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டால், காயத்தின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அந்த 45 வயதுக்காரருக்கு இடது தோளில் தொடங்கிய காயம் முதுகில் பட்டையாக இறங்கி, இடுப்புக்கு மேலே நின்றிருந்தது. ஷவருக்கு முதுகைக் காட்டி நின்றவர், சட்டென்று விலகியிருக்கிறார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு வேறு. விலகிய வேகத்தில் வழுக்கியும் விழுந்துவிட்டார்.

நடந்தது ரோமில், ஒரு விடுதியில். சுவரில் இரண்டு திருகுகள். ஒன்றில் ‘சி’, மற்றதில் ‘எஃப்’. சி என்றால் ஆங்கிலத்தில் ‘கோல்ட்’, குளிர்ச்சிதானே என்று அதை முழுதாகத் திறந்திருக்கிறார். குளிர்ந்த நீரே வந்தது. வினை அங்கேதான். சுடுநீர்க் குழாயில் இரவெல்லாம் தேங்கி ஆறிப்போன நீர் முதலில் வெளியேற வேண்டும். அதன் பிறகே உண்மையான சூடு வந்து சேரும். அதற்குள் அவர் உள்ளே போய்ச் சோப்பும் போட்டாயிற்று. இத்தாலிய மொழியில் சூட்டுக்குக் ‘கால்தோ’, குளிர்ச்சிக்கு ‘ஃப்ரெத்தோ’ என்று பெயர். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இதே கதைதான்: சி சூடு, எஃப் குளிர்ச்சி.

விழும்போது அவர் பிடித்த கயிறு, அவசர உதவிக்கான அழைப்புக் கயிறு. இத்தாலிய விடுதிகளில் ஷவர் பக்கத்தில் அது தொங்கும். துணி காயப்போடும் கொடி என்று நினைத்து அதை இழுத்துவிட்டு அசடு வழிபவர்கள் உண்டு. இவருக்கு மட்டும் அந்த இழுப்பு கைகொடுத்தது. ஊழியர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

கொதிக்காத நீர் என்ன செய்துவிடும் என்று பலர் கேட்கிறார்கள். 60 டிகிரி செல்சியஸ் நீர் பெரியவர்களின் தோலை ஆழமாக வேகவைக்கச் சுமார் 5 விநாடிகள் போதும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். பெரிய கட்டடங்களில், நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்கத் தொட்டியில் நீரை 60 டிகிரியில் வைப்பது வழக்கம். குழாய்முனையில் கலக்கும் கருவி சரியாக இல்லையென்றால் அந்தச் சூடு அப்படியே உங்கள்மேல் இறங்கும்.

அமெரிக்கக் குளியலறைகளில் பெரும்பாலும் ஒரே திருகுதான். பலவற்றில் திருகத் திருக நீரின் அளவு கூடாது, சூடு மட்டுமே கூடும். வேகம் போதவில்லை என்று மேலும் திருகுகிறவர் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்கிறார். ஐரோப்பாவில் காணும் வெப்பக் கட்டுப்பாட்டுக் குழாய்களில் 38 என்ற இடத்தில் திருகு தட்டி நிற்கும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகும். அது பழுது என்று எண்ணி வம்படியாகத் திருக வேண்டாம்.

ஜப்பானில் சிக்கல் வேறு வகை. அங்கே கழிப்பறை இருக்கையே சூடாக இருக்கும். நீரிழிவால் உணர்ச்சி மரத்தவர்களும் முதியவர்களும் நெடுநேரம் அமர்ந்தால் மிதமான சூட்டிலும் தோல் வெந்துபோகலாம். இருக்கைச் சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். கழுவுவதற்காக இருக்கையிலிருந்து பீய்ச்சும் நீரை நிறுத்தத் தெரியாமல் திண்டாடுபவர்களுக்கு: சதுரக் குறி போட்ட பொத்தான்தான் நிறுத்துவதற்கு. அங்குள்ள தயாரிப்பாளர்கள் 2017இல் இந்தக் குறிகளைப் பொதுவாக்க ஒப்புக்கொண்டார்கள். பழைய கருவிகளில் குறிகள் மாறியிருக்கலாம்.

என் நோயாளிகளிடம் நான் சொல்வது இதுதான். அறைக்குப் போனதும், உடை களைவதற்கு முன், ஷவருக்கு வெளியே நின்று ஒவ்வொரு திருகாகத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் நீரைப் பட்டும் படாமலும் பாருங்கள். நீரிழிவுக்காரர்கள் காலை நீட்டிச் சோதிக்கவே கூடாது. உடன் இருக்கும் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். குழந்தையை உள்ளே நிறுத்திவிட்டுக் குழாயைத் திறக்காதீர்கள்.

முதன்முதலில் காயத்தைக் காட்ட வந்த அன்று அவரிடம் கேட்டேன், “வெந்ததும் அந்த எஃப் திருகைத் திறந்து தோளைக் காட்டினீர்களா?”

“இல்லை டாக்டர், பற்பசை தடவினேன். அதுதான் கைக்கு எட்டியது.”

குளிர்ந்த குழாய் நீரும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. 20 நிமிடம் அதை ஓடவிட்டிருந்தால் காயத்தின் ஆழம் குறைந்திருக்கும். நான் அவரிடம் முதலில் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது காய்ந்துபோன அந்தப் பற்பசையைத்தான்.