நிழல் செடி என்று ஹெல்லிபோரை இருட்டில் நடாதீர்கள்

"நிழலில்தானே வைத்தேன், ஏன் பூக்கவில்லை?" இங்கிலாந்தில் பிப்ரவரி பிறந்தால், குளிர்காலத்தில் பூக்கும் ஹெல்லிபோர் செடியைப் பற்றி இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. போய்ப் பார்த்தால் செடி லேலண்டி என்னும் ஊசியிலை மர வேலிக்கு அடியில் நிற்கும். ஆண்டு முழுக்க வெயில் படாத, மழை இறங்காத, வேர் பின்னிக் கிடக்கும் வறண்ட மண். அங்கே ஹெல்லிபோர் உடனே சாகாது. நாலு இலையோடு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அதற்கு வேண்டியது கோடையில் நிழல், குளிர்காலத்தில் வெளிச்சம். பால்கன், காகசஸ் பக்கத்து மலைக்காடுகளில் இலையுதிர் மரங்களின் கீழ் வளர்ந்த இனம் இது. பூக்கும்போது மேலே மரம் மொட்டையாக இருக்கும். மார்ச், ஏப்ரலில், மரம் துளிர்த்து மூடுவதற்குள் கிடைக்கும் வெளிச்சத்தில்தான் புது இலைகள் தேறி, அடுத்த பூவுக்குச் சத்துச் சேர்க்கின்றன. அந்த இரண்டு மாத வெளிச்சத்தைப் பறித்துவிட்டு எந்த உரம் போட்டாலும் பலனில்லை. ஆப்பிள், ஹேசல் மரத்தடி சரி. கிழக்குச் சுவரோரம் சரி. வடக்குச் சுவரோரம்கூட, தலைக்கு மேல் வானம் திறந்திருந்தால் சரி. ஊசியிலை மரத்தடி வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவறு ஆழம். தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் மண் 2 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஆழப் புதைத்தால் இலை வரும், பூ வராது. ஈரக் களிமண்ணாக இருந்தால் கழுத்தே அழுகும். அப்படி நட்டுவிட்டவர்கள் செப்டம்பரில் தோண்டி உயர்த்தி நடுங்கள். செடிக்குச் செடி 45 செ.மீ. விடுங்கள். இலைமட்கை 5 செ.மீ. பரப்பலாம், கழுத்தை மூடாமல்.

உறைபனிக் காலையில் பூவும் தண்டும் தரையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து வெந்நீர் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். பனி விலகியதும் தானாக எழும்.

லென்ட்டன் ரோஸ் என்னும் ஹெல்லிபோர் வகையில் பழைய இலை எல்லாவற்றையும் டிசம்பர், ஜனவரியில் அடியோடு வெட்டுங்கள். கரும்புள்ளிப் பூஞ்சை அந்த இலைகளிலிருந்துதான் புதுத் தளிருக்கு ஏறுகிறது. வெட்டியதை வீட்டு உரக்குழியில் போடக் கூடாது. இதே வெட்டைத் தண்டுள்ள கோர்சிகன், ஃபோட்டிடஸ் என்னும் ஹெல்லிபோர் வகைகளில் செய்தால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. போன ஆண்டுத் தண்டின் நுனியில்தான் அவை பூக்கும். பூ முடிந்தபின் அந்தத் தண்டை மட்டும் எடுங்கள்.

வட்டவட்டமான காய்ந்த புள்ளி பூஞ்சை. அதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம். இளந்தளிர் சுருண்டு, நரம்போடு கருங்கோடுகள் ஓடினால் அது 'பிளாக் டெத்' என்னும் வைரஸ் நோய். மருந்து கிடையாது. அன்றே வேரோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். அசுவினிப் பூச்சி அதைப் பரப்புவதாகவே கருதப்படுகிறது, எனவே பக்கத்துச் செடிகளில் இலையடியைப் புரட்டிப் பாருங்கள்.

இனி நஞ்சு. வேர், இலை, விதை எல்லாமே விஷம். மே, ஜூனில் வெறுங்கையால் விதை உதிர்ப்பவர்களுக்கு விரல்நுனி எரிந்து தோல் உரிகிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய புத்தகங்கள் சிலவற்றில் கடுகுரோகிணியைக் கிறிஸ்துமஸ் ரோஸ், அதாவது ஒரு ஹெல்லிபோர் வகை, என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தவறு. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கடுகுரோகிணி இமயமலைச் செடி, குடும்பமே வேறு. தோட்டத்து ஹெல்லிபோர் வேரைக் காயவைத்துக் கஷாயம் போட்டால் வாந்தி, பேதியோடு நிற்காது, இதயத்துடிப்பே தடுமாறும். குழந்தை மென்றுவிட்டால் வாயைக் கழுவி, உடனே மருத்துவ ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் அவசர எண் 999. நாய் என்றால் கால்நடை மருத்துவர். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.