மீட்டரை வாரியம் பார்க்கும், மொட்டை மாடியை யார் பார்ப்பது?

வீட்டுக்கு சோலார் போடும் சென்னைவாசிகள் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: மானியம் அரசு தருகிறது, மீட்டரை மின்வாரியம் வைக்கிறது, ஆகவே எல்லாம் சரிபார்க்கப்பட்டுத்தான் இருக்கும். பாதி உண்மை. அரசின் கவனம் முக்கியமாக இரண்டு இடங்களில்: லைனுக்குள் ஏறும் மின்சாரம், கஜானாவிலிருந்து இறங்கும் பணம். ஆய்வுக்கு வருபவர் நிற்கும் பத்து நிமிடத்தில், மாலை நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தப் பேனலில் விழும் என்பது தெரியாது.

பணக் கணக்கு எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. உச்சவரம்பு 78,000. இது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், விற்பனையாளருக்கு அல்ல. உள்நாட்டுச் சூரிய மின்செல்களால் செய்த பேனல் இல்லையென்றால் மானியம் கிடையாது. பில்லில் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம்.

அதே மாதம் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு (லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்குமா என்ற சோதனை) தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாவிட்டால் அதை உயர்த்துவதும் விநியோக நிறுவனத்தின், அதாவது இங்கே மின்வாரியத்தின், பொறுப்பு. ‘டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது’ என்று வாய்மொழியாக யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

இனி மாடி. பேனல்கள் வரிசையாக ஒரே ஸ்ட்ரிங்கில் கோக்கப்படுகின்றன. ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் சரியும். தெற்கு நோக்கி, 13 டிகிரியை ஒட்டிய சாய்வு இங்கே பொருந்தும். காற்றுதான் பெரிய சோதனை: இந்தியத் தரக் குறியீட்டில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தா புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பேனலைத் தாங்கும் சட்டத்துக்குச் சூடான துத்தநாகக் குளியல் பூச்சுள்ள கம்பிகள், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள். பெசன்ட் நகர், திருவான்மியூர் உப்புக் காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரமே துருவேறும். மழைநீர் இறங்காமலிருக்க மாடியில் போட்ட சுருக்கித் தளத்தைத் துளைத்துச் சட்டத்தின் கால் நட்டால், அடுத்த ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டி அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். டிசி (பேனலிலிருந்து வரும் நேர் மின்சாரம்), ஏசி (வீட்டில் ஓடும் மாறு மின்சாரம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். எர்த் மீட்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பேனல் ஒயர்களை இணைக்கும் கனெக்டர்களில் வேறுவேறு கம்பெனியுடையவற்றை ஒன்றோடொன்று சொருகுவது பழக்கமாகிவிட்டது. தொடர்பு தளர்ந்து சூடேறி உருகுவது பெரும்பாலும் அங்கேதான்.

மின்வெட்டில் சோலாரும் நிற்கும், அது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிரைக் காக்க பேனலின் டிசியை ஏசியாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. பேட்டரி இல்லாத வழக்கமான அமைப்பில் இதற்கு மாற்று இல்லை.

மீட்டர் சண்டை வேறு வகை. 3 கிலோவாட் என்றால் நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720 வரை (வடகிழக்குப் பருவமழையில் குறையும்). இன்வெர்ட்டர் செயலியில் 720 காட்டும், பில்லின் ஏற்றுமதிக் கட்டத்தில் (நீங்கள் லைனுக்கு அனுப்பியது) 450 இருக்கும். திருட்டு எதுவுமில்லை, மீதியைப் பகலிலேயே உங்கள் ஃபிரிட்ஜும் ஏசியும் தின்றுவிட்டன. ஆனால் அந்தக் கட்டம் பூஜ்யமாக இருந்தால், புது மீட்டர் பில்லிங் கணினியில் இருவழியாகப் பதிவாகவில்லை என்று சந்தேகிக்கலாம். முதல் பில் வந்த அன்றே மீட்டர் திரையில் வாங்கியது, அனுப்பியது என இரண்டு அளவீடுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். இரண்டுமே 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தந்தவை. மன்றத்துக்குப் போகும்போது அந்த ஒப்புகையும் மீட்டர் படங்களும் கையில் இருக்கட்டும்.