பாதியில் நிற்கும் கோர்ஸ்கள்: ஒரே திறனில் நிலைத்து நிற்பது எப்படி?

"எனக்கு எதிலும் நிலைத்து நிற்கத் தெரியாது." வேலைக்கான திறன்களில் பெரியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் எங்களிடம் வருபவர்களில் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்பவர் அலுவலகத்தில் எடுத்த வேலையை முடித்துக் கொடுப்பவராகவும், வீட்டுப் பொறுப்புகளை ஆண்டுக்கணக்கில் தவறாமல் சுமப்பவராகவும் இருப்பார். ஆனால் ஆன்லைன் கணக்கில் ஏழெட்டு கோர்ஸ்கள் பாதியில் நிற்கும். இதைக் குணக் குறையாக நாங்கள் பார்ப்பதில்லை. கோர்ஸ்கள் அமைந்திருக்கும் விதமும், அவற்றை நாம் கையாளும் விதமும்தான் பெரும்பாலும் காரணம்.

பாதியில் நிற்பவர் தனி ஆளும் இல்லை. 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய கோர்ஸ்களின் தரவை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதன்படி 2017–18-ல் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள்ளேயே நுழையவில்லை. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலும் 46 சதவீதம் பேரே முடித்திருந்தார்கள். பணம் கட்டினால் படித்துவிடுவோம் என்ற கணக்கு பாதிப் பேருக்குப் பலிக்கவில்லை.

எங்கே நழுவுகிறது

தொடக்கநிலை கோர்ஸ் எதை எடுத்தாலும் முதல் சில மணி நேரம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். மென்பொருளை நிறுவுவது, திரையில் எது எங்கே இருக்கிறது, அடிப்படைச் சொற்கள், ஒரு சின்னப் பயிற்சி. எல்லாம் புரியும், வேகமாக நகரும், பார்த்து முடித்த அளவைக் காட்டும் பச்சைக் கோடும் நீளும். அதைத் தாண்டியதும் ஒன்றோடொன்று பின்னிய பகுதிகள் வரும். முன்பு படித்த மூன்று விஷயங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் நான்காவது ஓடும். பெரும்பாலானவர்களுக்கு இது மூன்றாவது, நான்காவது வாரத்தில் நேர்கிறது.

சரியாக அந்த நேரத்தில்தான் இன்னொரு கோர்ஸ் கண்ணில் படுகிறது. "இவர் விளக்கும் விதம் சரியில்லை, அவர் நன்றாகச் சொல்கிறாராம்" என்று மாறுகிறோம். புதிய கோர்ஸின் முதல் பாடங்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் எளிதாக ஓடுகின்றன. அந்த எளிமையைப் புதிய ஆசிரியரின் திறமை என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று வாரம் கழித்து அதே கடினமான இடம் இங்கேயும் வரும். இப்படி ஐந்து கோர்ஸ் மாறியவருக்கு முதல் அத்தியாயம் ஐந்து முறை தெரியும், ஐந்தாவது அத்தியாயம் ஒருமுறைகூடத் தெரியாது. ஒரு திறனுக்குச் சம்பளம் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஐந்தாவது அத்தியாயத்துக்குப் பிறகு வருவதற்குத்தான்.

இரண்டாவது சிக்கல், பார்ப்பதைக் கற்பதாக எடுத்துக்கொள்வது. மைக்கேல் கார்டாஸ், எட் ஓப்ரையன் என்ற ஆய்வாளர்கள் 2018-ல் இதைச் சோதித்தார்கள். மேஜை விரிப்பை மேலிருக்கும் பொருட்கள் விழாமல் சட்டென்று உருவும் வித்தையின் வீடியோவைச் சிலர் ஒரு முறையும், சிலர் இருபது முறையும் பார்த்தார்கள். அதிகம் பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை கூடியது. இந்த வகைச் சோதனைகளில் நேரில் செய்ய வைத்தபோது, நம்பிக்கை கூடிய அளவுக்குத் திறன் கூடியிருக்கவில்லை. கோர்ஸ் தளங்கள் காட்டும் 'நீங்கள் 60% முடித்துவிட்டீர்கள்' என்ற செய்தியும் பார்த்ததின் அளவைத்தான் சொல்கிறது.

வீடியோவில் வராத பிழைகள்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்பவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் செலவுகள் அடங்கிய ஒரு சி.எஸ்.வி. கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) நிரல் மூலம் படித்து, மாதவாரியாகக் கூட்ட வேண்டும். வீடியோவில் ஆசிரியர் இதை எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். பார்ப்பவருக்கு ஒவ்வொரு வரியும் புரியும். வீடியோவை மூடிவிட்டு வெற்றுக் கோப்பில் தொடங்கினால் முதல் வரியிலேயே கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரும். கோப்பின் பெயரை மட்டும் எழுதினால், நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து இயக்கப்படுகிறதோ அங்கேதான் அது தேடும். நிரல் சேமித்திருக்கும் ஃபோல்டரில் தேடும் என்பது உறுதியில்லை. ஆசிரியரின் கணினியில் இரண்டும் ஒன்றாக இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை.

அதைச் சரிசெய்தால் அடுத்தது வரும். 120-ஐயும் 80-ஐயும் கூட்டினால் 200-க்குப் பதில் 12080 என்று விடை வரும். சி.எஸ்.வி. கோப்பிலிருந்து சாதாரணமாகப் படிக்கும்போது எண்களும் எழுத்துகளாகவே உள்ளே வருகின்றன, எழுத்துகளைக் கூட்டினால் அவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றலாம் என்றால், யாரோ 1,200 என்று காற்புள்ளியோடு எழுதிய வரியில் நிரல் நின்றுவிடும். காற்புள்ளியை நீக்கியதும் ஒரு காலி வரி மறிக்கும். இந்த நான்கு பிழைகளையும் தானே தீர்த்தவருக்குக் கோப்புகளைக் கையாளத் தெரியும். எட்டு நிமிட வீடியோவை நான்கு முறை பார்த்தவருக்கு அந்த வீடியோ தெரியும். மூன்றாவது வாரத்தில் 'எனக்கு இது வராது' என்று தோன்றும் இடம் இதுதான். உண்மையில் கற்றல் தொடங்குவதும் இங்கேதான்.

படிப்பிலும் இப்படித்தான். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: முதல் குழு 40, இரண்டாவது குழு 61. அன்றைக்குச் சுலபமாகத் தோன்றும் முறை அடுத்த வாரம் கைவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

'டேட்டா சயின்ஸ்', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்பவை துறைகள். துறையைக் கற்க முனைந்தால் முடிவே இருக்காது, ஒவ்வொரு புதிய கோர்ஸும் அவசியமானதாகவே தெரியும். செய்து காட்டக்கூடிய ஒன்றாகச் சுருக்குங்கள். 'ஒழுங்கற்ற கோப்பு ஒன்றைச் சுத்தப்படுத்தி ஒரு பக்க அறிக்கை தயாரிப்பேன்', 'பத்து நிமிடக் காட்சிப் பதிவை ஒலி சீராக்கி இரண்டு நிமிட வீடியோவாக வெட்டுவேன்' என்பதுபோல. முடிந்ததா இல்லையா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல முடிந்தால், அது சரியான அளவு.

இரண்டு மூன்று திறன்களுக்கு இடையே தடுமாறினால், அடுத்த மூன்று மாதத்தில் எதைப் பயன்படுத்த உண்மையாகவே ஓர் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். இப்போதைய வேலையிலோ, விண்ணப்பிக்கப்போகும் வேலையிலோ அது இருக்கலாம். பயன்படுத்த இடமில்லாத திறன் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் மறந்துபோகும்.

கோர்ஸைத் தேட ஒரு மாலைப் பொழுது போதும். பாடத்திட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கை முதலில் பாருங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலை அங்கே இல்லையென்றால் அந்தக் கோர்ஸ் உங்களுக்கானதில்லை. தானாகச் செய்யச் சொல்லும் பயிற்சிகள் உண்டா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இலவச மாதிரிப் பாடத்தில் குரலும் வேகமும் ஒத்துவருகிறதா என்பது போதும். ஆகச் சிறந்ததைத் தேடி இரண்டு வாரம் விமர்சனங்கள் படிப்பவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். ஓரளவு நல்ல கோர்ஸை முழுமையாகப் பயன்படுத்தியவரே கடைசியில் முன்னே நிற்கிறார்.

நேரக் கணக்கு

நாளொன்றுக்கு 45 நிமிடம், வாரம் 5 நாள், 8 வாரம். மொத்தம் 30 மணி நேரம். ஒவ்வொரு அமர்விலும் 15 நிமிடம் பார்க்கவும், 30 நிமிடம் செய்யவும் ஒதுக்கினால் எட்டு வாரத்தில் பார்க்க முடிவது 10 மணி நேர வீடியோ மட்டுமே. இந்தக் கணக்கைப் போடாமல்தான் 40 மணி நேரக் கோர்ஸை வாங்குகிறார்கள். அதே விகிதத்தில் அது 160 அமர்வு, அதாவது 32 வாரம் எடுக்கும். எனவே நீண்ட கோர்ஸ் கையில் இருந்தால், உங்கள் இலக்குக்குத் தேவையான 10 மணி நேரத்தை மட்டும் முதல் நாளே குறித்து வையுங்கள். மற்றதைப் பார்க்காமல் விடுவது தவறே இல்லை.

அமர்வில் வரிசை முக்கியம். முதல் 5 நிமிடம், நேற்றைய வேலையைப் பார்க்காமல் நினைவிலிருந்து செய்யுங்கள். பிறகு ஆறேழு நிமிடத் துண்டாக வீடியோ. ஆசிரியர் தட்டச்சு செய்யும்போதே கூடவே தட்டச்சு செய்யாதீர்கள், அப்போது கை மட்டும் நகரும். வீடியோவை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் செய்யுங்கள். சிக்கினால் 20 நிமிடம் தனியாக முயலுங்கள்; அதன்பின் உதவி தேடலாம். ஏ.ஐ. கருவியிடம் கேட்பதானால் "முழு விடை வேண்டாம், எந்த இடத்தில் தவறு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். முழு விடையை வாங்கி ஒட்டுவது இன்னொரு வீடியோ பார்ப்பதற்குச் சமம்.

வாசலை அடைப்பது

இந்த எட்டு வாரத்துக்குள் கண்ணில் படும் மற்ற கோர்ஸ்களை மறக்க முயல வேண்டாம், அது நடக்காது. ஒரு தாளில் பெயர், தேதி, 'எதற்காக வேண்டும்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எட்டு வாரம் முடிந்ததும் பார்த்தால் அந்த 'எதற்காக' பல வரிகளில் பொருளிழந்திருக்கும். தள்ளுபடி முடியப்போகிறது என்று ஓடும் கடிகாரத்துக்காக அவசரப்பட வேண்டாம், பெரும்பாலான தளங்களில் தள்ளுபடி அடிக்கடி திரும்பி வரும். விளம்பர மின்னஞ்சல்களிலிருந்து விலகிவிடுங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்தினால் முகப்பில் பரிந்துரைகள் வராது. 'வாழ்நாள் அனுமதி' என்பதும் ஒருவகையில் எதிரிதான், கெடு இல்லாததால் நாளை என்றே தள்ளிப்போகும். கெடுவை நீங்களே உண்டாக்குங்கள்: நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் செய்ததைப் பார்க்க ஒருவரிடம் தேதி சொல்லி வையுங்கள்.

விடவே கூடாது என்றும் இல்லை. கற்றுத்தரும் பதிப்பு பழையதாகி, திரையில் சொல்லும் பட்டனே உங்களிடம் இல்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அடிப்படை ஒன்று தெரியாமல் திணறினால் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அதற்கென்று முழு கோர்ஸில் சேர வேண்டாம். விடும் முடிவைச் சிக்கிய நாளன்று மட்டும் எடுக்காதீர்கள். வார இறுதியில், அந்த வாரம் செய்தவற்றை எதிரே வைத்துக்கொண்டு எடுங்கள்.

உடல்நலக் குறைவு, வேலை நெருக்கடி என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போவது எல்லோருக்கும் நேரும். திரும்பி வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. மீண்டும் அந்தச் சுலபமான பகுதியிலேயே வாரங்கள் போய்விடும். கடைசியாக நீங்கள் செய்த கோப்பைத் திறந்து ஒருமுறை படித்து, மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் 20 நிமிடம் அதையே செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்தப் பாடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பாடங்களுக்கு மேல் தேவைப்படாது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.