கல்லுக்குள் தேரை, கருப்பைக்குள் பால்

கல்லுக்குள் தேரைக்கும் கருப்பைக்குள் உயிருக்கும் உணவு உண்டு என்பார்கள். இரண்டும் ஒரே பிராணியில் கூடிவருவதைப் பார்க்க நிம்பா மலைக்குப் போக வேண்டும். கினி, ஐவரி கோஸ்ட், லைபீரியா மூன்றும் சந்திக்கும் இடத்தில் 1,752 மீட்டர் வரை எழும் ஒடுங்கிய மலை அது. அதன் உச்சிப் புல்வெளிகளில், ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு மேலே மட்டும் வாழ்கிறது நிம்பா தேரை. மூன்று சென்டிமீட்டரைத் தொட்டாலே பெரிய தேரை.

மழைக்குக் குறைவில்லை, ஆனால் சரிவில் தண்ணீர் நிற்காது. தலைப்பிரட்டை நீந்தக் குட்டை இல்லாத ஊரில் முட்டையிட்டுப் பயனில்லை. அதனால் குட்டி போடுகிறது.

தான்சானியா மலைகளிலும் குட்டி போடும் தேரைகள் உண்டு. அவற்றின் கருவுக்கு முட்டையிலுள்ள மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. நிம்பா தேரையின் முட்டையோ அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதில் மஞ்சள் கரு இல்லாத குறைதான். பிறக்கும் குட்டி மட்டும் ஏழரை மில்லிமீட்டர்! இந்த வளர்ச்சிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது?

தாயிடமிருந்துதான், அதுவும் கணக்குப் பார்த்து. மழை முடியும் தருவாயில் இணைசேர்கிறது, கருவுறுதல் உடலுக்குள்ளேயே. நவம்பர் வாக்கில் தாய் மண்ணுக்கடியில், பாறை இடுக்குகளில் அடங்கிவிடும். ஏப்ரல் வரை பட்டினி. அப்போது கரு மளமளவென்று வளர்ந்தால் தாய்க்கும் தாங்காது, கருவுக்கும் கிடைக்காது. இங்கேதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வருகிறது. முட்டை வெளியேறியபின் சூலகத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் இதைச் சுரந்து, கருவின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது. மழை தொடங்கித் தாய் மேலே வந்து இரை தின்னும்போது கார்பஸ் லூட்டியம் சுருங்கும், தடை விலகும். கருப்பைச் சுவர் புரதம் நிறைந்த கோழைத்திரவத்தைச் சுரக்க, கருக்கள் அதை வாயாலேயே குடிக்கின்றன. நஞ்சுக்கொடி கிடையாது. ஒன்பது மாதச் சூலில் வளர்ச்சியின் பெரும்பங்கு கடைசி இரண்டு மாதத்தில்தான். ஜூன் மாதம் பிரசவம். கருப்பைத் தசைக்கு வலு போதாது. தாய் முன்கால்களை ஊன்றி, நுரையீரலில் காற்றை நிரப்பி, அந்த அழுத்தத்தால் குட்டிகளை வெளியே தள்ளுகிறது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் பத்துக்கு முன்னே பின்னே.

இந்த மலை உயர்தர இரும்புத்தாதுக் குவியல். லைபீரியப் பக்கம் நீங்கலாக, 1981-82 முதல் உலகப் பாரம்பரியக் களம். 1992 முதல் ஆபத்திலுள்ள களங்களின் பட்டியலில் இருக்கிறது. தேரையும் மிக அருகிய இனம்தான். வாழிடம் இவ்வளவு சிறிது என்பதால், தாதுவுக்காக ஒரு சரிவை வெட்டினாலே இழப்பு பெரிது. ‘பிடித்து வேறிடத்தில் விடலாம்’ என்போர் அந்த ஒன்பது மாதக் கணக்கை மறக்கிறார்கள்: அங்கே வறட்சி முந்தினாலோ மழை பிந்தினாலோ தாயின் கையிருப்பு கரையும்.

சுரங்க அனுமதிக்கான ஆய்வை ஜனவரியில் நடத்தினால் ஒரு தேரையும் கண்ணில் படாது, எல்லாம் நிலத்துக்கடியில். மூடுபனியிலும் மழையிலும், அதே இடத்தில், ஆண்டுதோறும் தேரைகளை எண்ண வேண்டும். இதற்கு ஓரிரு ஆண்டு நிதி போதாது. பல ஆண்டுகளுக்கு உறுதியான நிதி தர வேண்டும் என்பது என் கருத்து. முக்கியமாக ஜூனில் போக வேண்டும்: அந்த ஆண்டு எத்தனை குட்டிகள் பிறந்தன என்பது அப்போதுதான் தெரியும்.