அரசுப் பள்ளிக்கு நன்கொடை: எதற்குக் கொடுப்பது, எந்த வழியில் கொடுப்பது

தாரை தப்பட்டை முழங்க, பெண்கள் தாம்பாளம் ஏந்தி முன்னே நடக்க, ஆண்கள் பீரோவையும் பெஞ்சையும் தூக்கிக்கொண்டு அரசுப் பள்ளியை நோக்கி ஊர்வலமாகப் போகும் காட்சியைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம். தட்டில் பழம் வெற்றிலையோடு நோட்டு, பென்சில், அகராதி, சுவர்க் கடிகாரம் எல்லாம் இருக்கும். இதற்குக் கல்விச்சீர் என்று பெயர். தாய்மாமன் வீட்டுச் சீர் போல, ஊரே தன் பள்ளிக்குக் கொண்டுபோகும் சீர்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. காமராசர் ஆட்சிக் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைமையில் இருந்தபோது, 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் ஓடு வேய்ந்து கொடுத்தார், இன்னொருவர் மேசை நாற்காலி கொடுத்தார். பள்ளி மதிய உணவே தொடக்கத்தில் ஊரார் கொடையைப் பெரிதும் நம்பி நடந்து, பிறகுதான் அரசு நிதியோடு விரிந்தது.

அந்தப் பழக்கத்துக்கு இன்றைக்கு அரசு அமைத்திருக்கும் முறையான வாசல்தான் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம். 2022 டிசம்பர் 19 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் தொடங்கி வைத்தார்; தன் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தொழிலதிபர் வேணு சீனிவாசன் இதன் தலைவராகவும் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் தூதுவராகவும் நியமிக்கப்பட்டார்கள். முன்னாள் மாணவர்கள், ஊர்க்காரர்கள், நிறுவனங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என யார் வேண்டுமானாலும் இதன் இணையதளம் வழியாகப் பள்ளிக்கு உதவலாம். பள்ளிகளின் தேவைகள் அங்கே பதிவாகின்றன. கழிப்பறை, குடிநீர், காம்பவுண்டு சுவர், ஆய்வகம், நூலகம், ஸ்மார்ட் வகுப்பறை, விளையாட்டுச் சாமான் என்று பார்த்து, பள்ளியையும் பணியையும் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம்.

கொடுக்க மனம் வந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப்பை, காலணி, பேருந்து பாஸ் எல்லாம் அரசே விலையில்லாமல் தருகிறது. 8ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடை உண்டு. 1 முதல் 5 வரை காலை உணவு, 10ஆம் வகுப்பு வரை மதியச் சத்துணவு, 11ஆம் வகுப்பில் சைக்கிள். இவை பிள்ளைகளின் உரிமை. ஏதாவது வந்து சேரவில்லை என்றால், நாம் கைப்பணம் போட்டு வாங்கிக் கொடுத்து மூடிவிடக் கூடாது. ஏன் வரவில்லை என்று தலைமை ஆசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் கேட்க வேண்டும். நன்கொடை அரசின் கடமைக்கு மாற்றாகிவிட்டால், கொடையாளர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

அப்படியானால் எங்கே குறை? திட்டங்களின் இடுக்கில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்பில் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சுண்டல், ஒரு வாழைப்பழம் போதும். மாவட்டப் போட்டிக்குத் தேர்வான பெண்ணுக்கு ஓடுவதற்கேற்ற ஷூவும் வழிச்செலவும் இருக்காது. கழிப்பறை கட்டியிருக்கும், தினமும் கழுவ ஆள் இருக்காது. கடைசியில் சொன்னதுதான் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்கிற விஷயம். ஆனால் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்குக் கொடுப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் கல்வெட்டு வைக்க இடமில்லை.

நான் போன ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தன. மூன்று பேர் மூன்று ஆண்டில் கொடுத்தவை. ஒன்றும் ஓடவில்லை. ஃபில்டர் மாற்றுவதற்கான பணத்தை யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பொருள் வாங்கிக் கொடுக்கும் எவரும் அதன் பராமரிப்புக்கும் இரண்டு மூன்று ஆண்டுப் பணத்தைச் சேர்த்தே ஒதுக்குங்கள். அதற்குக் கையில் பணம் போதாது என்றால் சிறிய பொருளாக வாங்குங்கள்.

என்ன தேவை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இவர்கள் பொறுப்பு. ஆகவே ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து 'என்ன சார் வேணும்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், குழு கூடும் நாளில் போய் அந்தத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். வாரம் முழுக்கக் கூலிக்குப் போகும் ஒரு தாய், உங்களுக்குத் தோன்றாத ஒன்றைச் சொல்வார்.

பணமாகக் கொடுப்பதென்றால் இணையதளம் வழியாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். பொருளாகக் கொடுத்தால் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, தலைமை ஆசிரியரின் கையொப்பம், முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறாத பொருள், ஹெச்.எம். மாறுதலாகிப் போனதும் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடும். கட்டடமோ சுவரோ எழுப்பும் எண்ணம் இருந்தால் கல்வித்துறையின் அனுமதி வாங்கிவிட்டுத்தான் செங்கல் இறக்க வேண்டும்.

வரிச்சலுகை பற்றிப் பலருக்கும் குழப்பம். எல்லோரும் 80ஜி என்று சொல்லும் வருமான வரிச் சலுகை, அதற்கான பதிவு பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். பெஞ்சு, புத்தகம், அரிசி மூட்டைக்குக் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் பொருந்தும், புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இல்லை. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைதான் கழிவாகும். நீங்கள் 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் கைக்குத் திரும்பி வரும் என்று அர்த்தமில்லை. வரி கட்ட வேண்டிய வருமானத்தில் 5,000 குறையும். நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தால் சுமார் 1,000 ரூபாய் மிச்சம். நன்கொடைச் சான்றிதழை அந்த அமைப்பிடம் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

ஊரில் மில்லோ ஆலையோ இருந்தால் அவர்களையும் அணுகலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தன் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேலாண்மைக் குழுத் தீர்மானம், மதிப்பீடு, புகைப்படங்கள் ஆகியவற்றோடு கடிதம் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். சிங்கப்பூர் முன்னாள் மாணவர்கள் ஹெச்.எம். கணக்குக்கு நேரே அனுப்பிவிட்டு அவரைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளையைச் சேர்க்கும்போது நன்கொடை என்று எந்தப் பள்ளியும் கேட்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. கொடுக்க வசதியுள்ளவர் மனமுவந்து கொடுப்பது மட்டுமே நன்கொடை.

2024 தொடக்கத்தில் மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டதெல்லாம், இறந்துபோன தன் மகள் ஜனனியின் பெயரைப் புதிய கட்டடத்துக்கு வைக்க வேண்டும் என்பதுதான். அந்த ஆண்டு குடியரசு நாளில் அவருக்கு முதலமைச்சரின் சிறப்பு விருது கிடைத்தது. இப்படி ஒரு பெயரைப் பள்ளிச் சுவரில் எழுதுவதில் யாருக்கும் மனக்குறை இராது. ஒரு பேனா பாக்கெட்டுக்காகப் பிள்ளையை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதுதான் என்னை வருத்துகிறது. நாளை அந்தப் படத்தை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள். சுவரைப் படம் எடுங்கள், புத்தக அலமாரியைப் படம் எடுங்கள். அடுத்த ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருமுறை நேரில் போய், கொடுத்தது ஓடுகிறதா என்று பாருங்கள்.