யென்: அபின் புகையில் பிறந்த வேட்கை

ஆங்கிலத்தில் 'யென்' என்று ஒரு குட்டிச் சொல் உண்டு. ஜப்பான் நாணயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த யென், மனத்தைப் பிடித்து இழுக்கும் ஆசையைக் குறிப்பது. கடலைப் பார்க்க வேண்டும், ஊர் சுற்ற வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு இனிப்பு தின்ன வேண்டும் என எதற்கும் அதைச் சொல்லலாம். இன்று அது சாதுவான சொல். பிறந்த இடம் அப்படியல்ல.

தென்சீனாவின் கான்டனீஸ் பேச்சில் 'யான்' என்றால், ஒரு போதைப் பொருளுக்குப் பழகிப்போனவரை ஆட்டிப்படைக்கும் வேட்கை. அதை எழுதும் சீன எழுத்தில் வெளிச்சட்டம் நோயைக் குறிக்கிறது. உள்ளே இருப்பது 'மறைந்தது' என்று பொருள்படும் எழுத்து. அது முக்கியமாக ஓசைக்காகத்தான் அங்கே இருக்கிறது என்றாலும், மறைந்திருக்கும் நோய் என்று படித்தால் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1870களில் அபின் வேட்கை என்ற பொருளில் தலைகாட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபின் உதிர்ந்து, ஆசை மட்டும் மிஞ்சியது. புகை என்ற பொருளுடைய 'யின்' என்னும் வேறொரு சீனச் சொல்லும் அபின் விடுதிகளில் புழங்கியது. இரண்டையும் ஆங்கிலக் காதுகள் குழப்பிக்கொண்டன. ஏங்குவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்றும் கிட்டத்தட்ட இதே ஒலியில் இருந்தது இந்தப் புதிய சொல்லுக்குத் தோதாகப் போயிற்று.

தென்சீனத் துறைமுகமான கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) அந்த அபின் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. பிகாரிலும் காசியைச் சுற்றியும் விளைந்ததைக் கிழக்கிந்திய கம்பெனி தன் ஏகபோகத்தில் வைத்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. தனியார் வணிகர்கள் அதைச் சீனாவுக்குக் கடத்தினார்கள். 1839இல் சீனப் பேரரசின் அதிகாரி லின் சேசூ 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமனில் அழித்தார். அதற்குப் பதிலாக பிரிட்டன் போர் தொடுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் தங்கம் தேடியும் ரயில் பாதை போடவும் கலிபோர்னியாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கான்டன் பகுதிக்காரர்கள். குழாய், விளக்கு, சொல் எல்லாம் அவர்களோடு கப்பலேறின. 1875இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் அபின் விடுதிகளுக்குத் தடை போட்டது. ஒரு வணிகம் உண்டாக்கிய வேட்கைக்கான பெயர்தான் யென். இதை மறந்துவிட்டு அந்தச் சொல்லை வெறும் அழகான இரவல் என்று சொல்லிப்போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் புகைக்குள் அப்படி என்ன இருந்தது? நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடும் கசகசாவைத் தரும் அதே செடிதான் அபின் செடியும். விதையில் போதை கிடையாது. பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து கறுத்தால் அபின். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மார்ஃபின் என்ற போதைச் சத்து. விளக்குச் சூட்டில் ஆவியாகும் மார்ஃபின் நுரையீரலில் நுழைந்து சில நொடிகளில் மூளையை எட்டிவிடும்.

மூளையில் அதற்கென்றே செய்தது போன்ற ஏற்பிகள், அதாவது அது வந்து பொருந்தும் இடங்கள், இருப்பதை 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்காக மூளை ஏன் பூட்டுச் செய்து வைக்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து விடையைப் பிரித்தெடுத்தார்கள். உடலே மார்ஃபினைப் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அபின் அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நடுமூளையில் டோபமின் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. சாதாரணமாக அவற்றை வேறு சில நரம்பணுக்கள் அடக்கியே வைத்திருக்கும். மார்ஃபின் இந்தக் காவலர்களைத் தூங்க வைத்துவிடும். காவல் போனதும் டோபமின் பெருகுகிறது. டோபமின்தான் இன்பம் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நினைத்தார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் அப்படித்தான் நினைத்தார். எலியின் நாக்கில் சர்க்கரை நீர் பட்டால் அது உதட்டை நக்கிக்கொள்ளும், கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தைகளும் இப்படித்தான் செய்யும். 1980களின் இறுதியில் அவரும் டெரி ராபின்சனும் எலிகளின் டோபமினை ஏறக்குறைய முழுக்க அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் பக்கத்தில் உணவு இருந்தும் அதை நாடவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்துவிடும். சரி, இன்பம் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் வாயில் சர்க்கரை நீரை விட்டதும் அவை பழையபடி உதட்டை நக்கின. சுவை பிடித்திருந்தது, அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் இல்லை.

இந்த ஒரு சோதனை ஆசையைப் பற்றிய நம் நினைப்பையே புரட்டிப் போடுகிறது என்பேன். பிடித்திருப்பதும் வேண்டும் என்று துடிப்பதும் மூளையில் இரண்டு தனித்தனி வேலைகள். பிறகு நடந்த ஆய்வுகளில், ரசிப்பைக் கூட்டும் இடங்கள் எலி மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்கே இருப்பதும், வேட்கைக்கான வலைப்பின்னல் அதைவிடப் பல மடங்கு பரந்து கிடப்பதும் தெரியவந்தன. அபின் இரண்டையுமே தொடுகிறது. நாள்பட நாள்பட உடல் பழகிப்போய் இன்பம் சுருங்கும். வேட்கையோ ஒவ்வொரு முறையும் கூர்மையாகிக்கொண்டே போகும். ராபின்சனும் பெரிட்ஜும் 1993இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான்: துளியும் பிடிக்காமல் போன ஒன்றுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்து அலைய முடியும்.

விட முயன்றால் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு என்று உடல் முதலில் பழிவாங்கும். மார்ஃபினின் அடக்குமுறையை ஈடுகட்ட உயிரணுக்கள் எதிர்த்திசையில் முறுக்கேறியிருந்தன. மார்ஃபின் விலகியதும் அந்த முறுக்கு மட்டும் தனியே நிற்கிறது. ஆனால் இந்தக் கட்டம் சில நாள்களில், அதிகம் போனால் இரண்டொரு வாரத்தில் பெருமளவு தணிந்துவிடும். மாதங்கள் கழித்தும் வந்து நிற்பது வேட்கைதான்.

அப்போது அதை எழுப்புவது எது? நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் விடை இருக்கிறது. முதலில் சாறு வாயில் விழுந்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்கிடம் இடம்பெயர்ந்துவிட்டது. அபின் விடுதியின் எண்ணெய் விளக்கு, அந்த மணம், உடன் படுத்திருந்த நண்பர், திரும்பும் தெருமுனை என எல்லாம் மூளைக்கு அப்படிப்பட்ட விளக்குகளே.

வியட்நாம் போரின்போது ஏராளமான அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையானார்கள். ஹெராயின் மார்ஃபினிலிருந்து செய்வது. அவர்களை ஊர் திரும்பிய பின் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே முதல் ஆண்டுக்குள் மறுபடியும் அடிமையானார்கள். ஊர் திரும்பியதும் போர், பயம், கையெட்டும் விலையில் கிடைத்த ஹெராயின் மூன்றும் ஒருசேரக் கழன்றுபோயின. நினைவூட்டும் இடமும் கண்ணில் படவில்லை. சிகிச்சை மையத்தில் குணமாகி, புகைத்த அதே தெருவுக்கே திரும்ப வேண்டியவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அப்படி மறுபடி விழுந்தவரைப் பார்த்து 'மன உறுதி இல்லாத ஆள்' என்று சொல்வது அநியாயம்.

ரசிப்பு வேறு, வேட்கை வேறு என்ற இந்தப் பிளவை மருத்துவம் பயன்படுத்துகிறது. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் மெத்தடோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஏற்பிகளில் அமரும் மருந்துதான், ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் நின்று, உச்சமும் சரிவும் இல்லாமல் வேட்கையை மட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை இதற்காகக் கொடுக்கப்படுகிறது. அது ஏற்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பாதி மட்டுமே இயக்கும். மேலே யாராவது ஹெராயின் போட்டாலும் உட்கார இடம் இருக்காது. ஆனால் தெருமுனைக்கும் விளக்குக்கும் மூளை கட்டிவைத்த முடிச்சை எந்த மாத்திரையும் நேரடியாக அவிழ்ப்பதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் இந்த மாத்திரையை மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரச் சொல்கிறார்கள்.