மஸ்காரா: அடர்த்தி இமையின் வேரில் இருக்கிறது

ட்ரையல் மேக்கப்புக்கு வரும் மணப்பெண்களிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுவேன்: வீட்டில் நீ வைத்திருக்கும் மேக்கப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வா. போன தை மாதம் வந்த ஒரு பெண்ணின் பையைக் கவிழ்த்தபோது ஒரு மஸ்காரா ட்யூப் உருண்டு வந்தது. வெளிநாட்டுச் சித்தி வாங்கி அனுப்பியதாம், நல்ல விலையாம். மூடியைத் திருகி இழுத்தேன். புது ட்யூபில் 'சளக்'கென்று ஈரமாக ஒரு சத்தம் வரும். இதில் அது இல்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. பிரஷ் முழுக்கக் கறுப்புப் பொருக்கு, மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை.

"எப்பம்மா திறந்தே?"

"காலேஜ் ரெண்டாம் வருஷம்க்கா."

அவள் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என்னிடம் அவள் கேட்க வந்த கேள்வி: "இமை அடர்த்தியாவே தெரிய மாட்டேங்குதுக்கா. வேற நல்ல பிராண்டா சொல்லுங்க."

மதுரையில் இந்தத் தொழிலுக்கு வந்து 17 வருடம் ஆகிறது. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆரம்பத்தில் நானும் பிராண்ட் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கையில் கண்ணாடியைக் கொடுத்து, "நீ எப்பவும் போடுற மாதிரி போட்டுக் காட்டு" என்கிறேன். பத்தில் எட்டுப் பேர் இமையின் நுனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிரஷ்ஷை நடுவில் வைத்து மேல்நோக்கி ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, போதவில்லை என்று மூன்றாவது. நுனியில் மை சேர்ந்து பாரம் ஏறி, முடிகள் மூன்று நான்காக ஒட்டிக்கொண்டு சிலந்திக் கால் மாதிரி நிற்கும். வேர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும்.

மேல் இமையில் ஏறக்குறைய 100 முதல் 150 முடிகள் இருக்கும், கீழ் இமையில் 70, 80. எந்த மஸ்காராவும் அதில் ஒன்றைக்கூடக் கூட்டாது. முடிக்கும் முடிக்கும் நடுவே, வேருக்குப் பக்கத்தில் தெரிகிற தோலின் வெளுப்பை மறைத்தால் போதும், அடர்த்தி வந்துவிடும். எங்கள் ஊர்ப் பூக்காரம்மாவைப் பாருங்கள். சரம் அடர்த்தியாக வர வேண்டும் என்றால் காம்பைத்தான் நெருக்கிக் கட்டுவார்கள். மொட்டை யாரும் அழுத்துவதில்லை.

போடும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். விஷயமே இங்கேதான்.

முதலில் கர்லர், அதாவது இமை முடியை வளைக்கும் இடுக்கி. நம்மில் பலருக்கு இமை முடி நீளமாகவே இருக்கும், ஆனால் நேராகவோ கீழ்நோக்கியோ வளரும். வளைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. வேரை ஒட்டி வைத்து, எண்ணி ஐந்து வினாடி மெதுவாக அழுத்தம். பிறகு நடுவில் ஒருமுறை, நுனியில் லேசாக ஒருமுறை. இதெல்லாம் மஸ்காராவுக்கு முன்னால்தான். போட்ட பிறகு கர்லர் வைத்தால் காய்ந்த முடி அதில் ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டே வந்துவிடும். கர்லரில் உள்ள ரப்பர் பட்டையில் வெட்டுக் கோடு விழுந்துவிட்டால் பட்டையை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கோடே கத்தி மாதிரி முடியை அறுக்கும்.

அடுத்தது பிரஷ்ஷின் நுனியில் தொங்கும் மைக்கட்டி. அதை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். ட்யூபின் வாயில் வழித்துவிடுகிற பழக்கம் வேண்டாம். வாய் ஓரத்தில் மை சேர்ந்து காய்ந்து, மூடி சரியாக மூடாமல் போய்விடும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி பிரஷ்ஷை உள்ளே வெளியே குத்துவதும் கூடாது. ஒவ்வொரு குத்துக்கும் காற்று உள்ளே போய் மையைக் காய வைக்கிறது. பிரஷ்ஷை உள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும்.

இப்போது கைக்கண்ணாடியை மோவாய்க்குக் கீழே பிடித்து, கண்ணைக் கீழ்நோக்கித் தாழ்த்துங்கள். இமையின் வேர் முழுசாகத் தெரியும். முழங்கை மேஜையில் ஊன்றி இருக்கட்டும். பிரஷ்ஷை வேரில் வைத்து, இடம் வலமாக மிகச் சின்னதாக ஆட்டுங்கள். நான்கைந்து ஆட்டு. கை நடுங்குகிற அளவு அசைவு போதும். மை அங்கே தங்கும். அதற்குப் பிறகுதான் மேல்நோக்கி இழுப்பு. இழுக்க இழுக்க பிரஷ்ஷில் மை குறைந்துகொண்டே போவதால் நுனிக்குக் கால் பங்குதான் போய்ச் சேரும், அதுதான் வேண்டும். முதல் கோட் முழுக்கக் காய்ந்து இறுகுவதற்குள், கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது கோட். காய்ந்த பிறகு போட்டால் உதிரும். மூன்றாவது கோட் யாருக்கும் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. கீழ் இமைக்குப் பிரஷ்ஷில் மிஞ்சியிருப்பதே ஏராளம்.

அந்தத் தை மாதப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் அவள் முறைப்படியும் இன்னொரு கண்ணில் வேரிலிருந்தும் போட்டுக் காட்டினேன், இரண்டுக்கும் என்னிடமிருந்த ஒரே மஸ்காரா. கண்ணாடியில் இடது வலது மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது வேற கம்பெனியாக்கா?" என்றாள்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு விலையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பிரஷ்ஷைப் பாருங்கள். கம்பியில் நார் நெருக்கமாக முறுக்கிய குண்டு பிரஷ் மையை நிறைய ஏந்தும், அடர்த்திக்கு அது. மெல்லிய சீப்பு போன்ற பிளாஸ்டிக் பிரஷ் முடிகளைப் பிரித்து நீட்டிக் காட்டும். முடி குட்டையாகவோ கண் சிறியதாகவோ இருந்தால் ஒல்லிப் பிரஷ்தான் கைக்கு அடங்கும். குண்டு பிரஷ் இமையெல்லாம் புள்ளி வைத்துவிடும். நார் கலந்த 'ஃபைபர்' மஸ்காரா பக்கம் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் போகவே வேண்டாம். உதிர்கிற நார் லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லென்ஸ் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: மேக்கப்புக்கு முன் லென்ஸை மாட்டுங்கள், மேக்கப்பைக் கலைப்பதற்கு முன் கழற்றுங்கள்.

எங்கள் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் எந்த வகை தாங்கும் என்பதைக் கல்யாண மண்டபங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. நள்ளிரவு 1 மணிக்கு மேக்கப் ஆரம்பிக்கும். விடிகாலையில் ஓமப் புகை, தாரை வார்க்கும்போது அப்பாவைப் பார்த்து ஒரு அழுகை. ஆரம்ப காலத்தில் ஒரு மணப்பெண்ணுக்குச் சாதாரண மஸ்காரா போட்டுவிட்டு மண்டபத்தின் பின்வரிசையில் நின்றிருந்தேன். "ஏம்மா, பிள்ளை கண்ணுல கறுப்பா வழியுதே!" என்று அவள் அம்மா ஓடிவந்தார். அன்றிலிருந்து முகூர்த்தத்துக்கு வாட்டர்ப்ரூஃப்தான். தண்ணீர் இல்லாத மெழுகும் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானும் சேர்ந்தது அது, கண்ணீர் அதைத் தொடாது. ஆனால் எண்ணெய் தொடும். எண்ணெய்ச் சருமத்துக்காரர்களுக்கும், கண்ணடியில் சன்ஸ்கிரீனும் க்ரீமும் தாராளமாகத் தடவுகிறவர்களுக்கும் வாட்டர்ப்ரூஃப் கூட மதியத்துக்குள் கண்ணடியில் இறங்கிவிடும்.

அவர்களுக்கு ட்யூபிங் மஸ்காரா. இது பாலிமர், ஒவ்வொரு முடிக்கும் உறை மாட்டியது போலச் சுற்றிக்கொள்ளும். வேர்வைக்கும் எண்ணெய்க்கும் அசையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால் குட்டிக் குட்டி உறையாகக் கழன்று வரும். தினமும் ஆபீஸ் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வாட்டர்ப்ரூஃபைத் தினசரி போடாதீர்கள். அதை எடுப்பதற்குத் தேய்க்கிற தேய்ப்பில் முடி உடையும்.

காஜல் பற்றி ஒரு வார்த்தை. மணப்பெண்ணின் கண்ணுக்குள் மை இழுக்காவிட்டால் அம்மாக்களுக்குத் திருப்தி வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் இமையின் உள்விளிம்பில்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கிற சுரப்பிகளின் வாய் இருக்கிறது. அங்கே மெழுகு மை அப்பினால் அந்த வாய்கள் அடைபடும். கண் எரியும், கட்டி வரும். அதே காஜல் கரைந்து மஸ்காராவையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும். நான் இமை முடியின் வெளிப்பக்க வேரில் மெல்லிய கோடு போட்டுவிடுவேன். தூரத்திலிருந்து பார்க்கும் அத்தைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது அந்தப் பழைய ட்யூப். மஸ்காரா ஒரு காலத்தில் சின்னக் கட்டியாக, சோப் மாதிரி வரும். குட்டி பிரஷ்ஷை நனைத்து, அவசரத்துக்கு எச்சில் தொட்டுக்கூட, தேய்த்துப் போட்டுக்கொள்வார்கள். 1957ல் அழகு சாதன நிறுவனம் நடத்திய ஹெலினா ரூபின்ஸ்டைன் ட்யூபுக்குள்ளேயே கோலை வைத்து விற்ற பிறகுதான் எச்சில் ஒழிந்தது. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. கண்ணைத் தொட்ட பிரஷ் ஒவ்வொரு முறையும் இருட்டும் ஈரமுமான ட்யூபுக்குள் திரும்பப் போகிறது, கிருமியையும் கூட்டிக்கொண்டு. உள்ளே கெடாமல் காக்கும் ரசாயனம் இருக்கிறதுதான், அதற்கும் ஒரு அளவு உண்டு. திறந்த நாளிலிருந்து 3 மாதம், பிறகு குப்பை. இந்த மூன்று மாதக் கணக்கை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வும் எடுத்துச் சொல்கிறது. ட்யூபில் திறந்த டப்பா படத்துக்குள் '6எம்' (திறந்து ஆறு மாதம்) என்று போட்டிருந்தாலும், தினமும் போடுகிறவர்களுக்கு நான் மூன்றுக்கு மேல் விடமாட்டேன். திறந்த தேதியை மார்க்கரால் மூடியிலேயே எழுதிவிடுங்கள்.

காய்ந்த மஸ்காராவில் ரோஸ் வாட்டர் நாலு சொட்டு, கண் சொட்டு மருந்து இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினால் புதுசாகிவிடும் என்று வீடியோக்கள் ஓடுகின்றன. மை இளகும், அதோடு கிருமியைத் தடுக்கும் சரக்கும் நீர்த்துப்போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதில் நான் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம், தங்கைக்கும் மேக்கப். தங்கையின் கண்ணோரம் லேசாகச் சிவந்திருந்தது, காலையில் பீளை கட்டியிருந்ததாகவும் சொன்னாள். "தூசிதான்க்கா" என்றாள். எனக்கு அவசரம். அவளுக்குப் போட்ட பிரஷ்ஷாலேயே அக்காவுக்கும் போட்டேன். ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டு விருந்துப் படத்தில் மணப்பெண் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறாள். மெட்ராஸ் ஐ. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே டவலில் முகம் துடைத்தவர்கள், என் பிரஷ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டார் சீசன் என்று விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு என் பெட்டியில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஸ்பூலி, அதாவது குட்டி மஸ்காரா பிரஷ், கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒருமுறை ட்யூபுக்குள் போய்க் கண்ணைத் தொட்டுவிட்டால் அது மறுபடி உள்ளே போகாது, இரண்டாவது கோட்டுக்குப் புதுசு. நீங்கள் எந்தப் பார்லருக்குப் போனாலும் "ஸ்பூலி புதுசாக்கா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள். கடையில் வைத்திருக்கும் டெஸ்டரைக் கையில் தடவிப் பாருங்கள், கண்ணில் வேண்டாம். கண் நோய் வந்து போனால், வாங்கி ஒரு வாரமே ஆன மஸ்காராவாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இங்கே தயாரானது என்றால் உற்பத்தி உரிம எண்ணும், இறக்குமதி என்றால் பதிவுச் சான்று எண்ணும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். நடைபாதையில் 60 ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஃபாரின்' மஸ்காராவில் இவை இருக்காது.

மஸ்காராவே வேண்டாம், நிரந்தரமாகக் கறுப்பாக்கிவிடலாம் என்று தலைக்குப் பூசும் ஹேர் டையைக் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஓர் இமைச் சாயம் வந்தது. இன்றைய ஹேர் டைகளில் இருக்கும் பி.பி.டி. என்ற சாய ரசாயன வகைச் சரக்குதான் அதிலும். பெண்களுக்குப் பார்வை போனது. 1938ல் அங்கே அழகு சாதனங்களுக்குச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இமை வளர்க்கும் சீரம் கேட்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பைமாட்டோப்ராஸ்ட் என்ற மருந்து உண்மையிலேயே வளர்க்கும். கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து அது, போட்டுக்கொண்டவர்களுக்கு இமை நீண்டதைப் பார்த்து 2008ல் அமெரிக்காவில் இமைக்கென்றே அனுமதித்தார்கள். இமைத் தோல் கறுக்கலாம், கருவிழியின் நிறம்கூட மாறலாம். கண் டாக்டர் எழுதிக்கொடுக்காமல் தொடாதீர்கள். விளக்கெண்ணெய் தடவினால் பளபளப்பு வரும், வளருமா என்றால் நான் பார்த்ததில்லை.

அந்தத் தை மாதப் பெண்ணின் ரிசப்ஷன் முடிந்த இரவு 12 மணிக்கு போன்.

"அக்கா, கண்ணு சொக்குது. மஸ்காராவோட அப்படியே தூங்கிட்டா என்னக்கா, ஒரு நாள்தானே?"

ஆஸ்திரேலியாவில் 25 வருடமாக மஸ்காராவைச் சரியாகக் கலைக்காமலே இருந்த ஒரு பெண்ணின் இமைக்கு உள்பக்கம், மை கறுப்புக் கற்களாக இறுகிக்கிடந்ததை டாக்டர்கள் எடுத்த செய்தி 2018ல் வந்தது. அந்த நேரத்தில் அந்தக் கதையெல்லாம் எதற்கு?

"ரிமூவர் இருக்கா?"

"பையோட அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்."

"தேங்காய் எண்ணெய்?"

"அத்தை வச்சிருப்பாங்க."

"பஞ்சுல ரெண்டு சொட்டு. கண்ணை மூடி இமை மேல வச்சு, முப்பது எண்ணு. தேய்க்காத. கீழ்நோக்கி ஒரே இழுப்பு, வேறு பஞ்சு எடுத்து இன்னொரு இழுப்பு. உள்ளே கொஞ்சம் போனா பார்வை மங்கும், பயப்படாத, தண்ணியில கழுவு. பேபி ஷாம்பு ஒரு துளி கரைச்சு இமை ஓரத்தைத் துடைச்சிடு."

முப்பது எண்ணுகிற சத்தம் போனில் கேட்டது. பதினேழில் நிறுத்தி, "அக்கா, மாப்பிள்ளை சிரிக்கிறாரு" என்றாள்.